அத்தானுக்கு ஆதாரம் வேண்டும்

என் அக்காவின் கணவருக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அது காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை. மேடையில் ஏற்றிப் பட்டம் கொடுத்த மாதிரி வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தார். தன்னைத் திட்டுகிறார்கள் என்பதைக்கூட ஆதாரம் இல்லாமல் நம்பாத மனிதர்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் க்ளெய்ம் விசாரிப்பது அவர் வேலை. வேலையிடத்தில் விழுந்தவர், இயந்திரத்தில் கை மாட்டியவர், விபத்தில் இடுப்பு போனவர் என்று யாராவது இழப்பீடு கேட்டால், அந்த ஆளுக்கு நிஜமாகவே வலிக்கிறதா என்று அத்தான் போய்ப் பார்த்துவர வேண்டும். பழங்களோடு போய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது இல்லை. எதிர்ச் சுவரோரம் நிற்பார். அந்த ஆள் கடைக்குப் போனால் பின்னாலேயே போவார். நேரில் சந்தித்தால் கையை இறுக்கிப் பிடித்துக் குலுக்கிவிட்டு முகம் சுளிக்கிறதா என்று கவனிப்பார். பேச்சுவாக்கில் பேனாவைக் கீழே போடுவார். எதிரில் இருப்பவர் மரியாதைக்காகக் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது கதை. 'குனிய முடிகிறது' என்று எழுதிவிடுவார். மரியாதை தெரிந்தவர்கள்தான் அவரிடம் அதிகம் மாட்டினார்கள்.

இந்த வீரக் கதைகளைச் சாப்பாட்டு மேசையில் சொல்வார். மூட்டை தூக்கிப் பிழைத்த ஒருவர், முதுகில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாதவர், பூங்காவில் தன் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டதைப் படம் பிடித்த கதையை நான் நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன். அந்த ஆள் எப்படி நடந்தான் என்று எழுந்து நடித்தும் காட்டுவார்.

"அந்தக் குழந்தை என்ன எடை இருக்கும் அத்தான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏன் கேக்கிற?"

"மூட்டை எவ்வளவு, குழந்தை எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

அவர் குத்தலைக் கவனிக்கவே இல்லை. விரலால் மேசையைத் தட்டி யோசித்து, "பன்னெண்டு கிலோ இருக்கும்" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் யாரிடமும் கைநீட்டியது இல்லை. கை சுத்தமான மாப்பிள்ளை என்றுதான் எங்கள் அப்பா பெண் கொடுத்தார். அப்பா கையை மட்டும் பார்த்தார். அது அவர் தப்பு இல்லை. பார்க்க முடிந்தது அதுதான்.

அக்காவும் நானும் ஒரே பேக்கரியில் வேலை பார்க்கிறோம். நான் முன்னால் கல்லாவில். அவள் பின்னால் கேக் அறையில். நான் கல்லாவில் உட்கார்ந்து நூறு பேரிடம் வாயாடுகிறேன் என்றால் அவள் நாள் முழுக்க வாயைத் திறக்காமல் சுழல் தட்டின் முன்னால் நிற்பாள். கிரீம் பையை உள்ளங்கையில் பிடித்து ஒரு அழுத்து, ஒரு திருப்பு, ஒரு இழுப்பு, இதழ் விரிந்துவிடும். அவள் போட்ட ரோஜாவை வெட்ட மனசு வராமல் கேக்கை மட்டும் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டதாக வாடிக்கையாளர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வருடம் எல்லா வீட்டிலும் காய்ச்சல் வந்தது. எங்களுக்கும் வந்தது, போனது. அக்காவுக்கும் காய்ச்சல் போனது. ஆனால் அது கூட்டிவந்த வலி, குடிவந்தவன் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி, அங்கேயே தங்கிவிட்டது. முதலில் தோள்பட்டை. பிறகு இடுப்பு, தொடை, முழங்கை. இன்ன இடம் என்று கை வைத்துக் காட்ட முடியாது. காலையில் எழுந்தால் யாரோ கட்டையால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்பாள். தூங்கி எழுந்தவளின் முகம் தூங்கப் போகிறவளின் முகமாக இருந்தது. நான் பாசமாகத் தோளில் கை போட்டால் துள்ளி விலகுவாள். சட்டைத் துணி உரசுவதே சில நாள் தாங்காது.

மறதியும் வந்தது. ஒரு கல்யாண கேக்கில் 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று அழகாக எழுதி வைத்துவிட்டாள். நல்லவேளை, பெட்டியை மூடுமுன் நான் பார்த்தேன். "மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்குடி" என்றாள். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

டாக்டரிடம் போனோம். முதல் டாக்டர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "வீட்டுல ஏதாவது டென்ஷனா?"

"வீட்டுல டென்ஷன் இல்லாத யாராவது இங்க வர்றாங்களா டாக்டர்?" என்று நான் கேட்டேன். அவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். மூன்றாமவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை என்றே வந்தது. ரிப்போர்ட் வரும் நாளெல்லாம் அத்தானுக்குக் கொண்டாட்டம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துப் படிப்பார். பெண்டாட்டிக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் எந்தப் புருஷனும் சந்தோஷப்படுவான்தான். இவர் சந்தோஷம் அந்த வகை இல்லை. கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்தவனின் சந்தோஷம்.

"எல்லாம் சரியா இருக்குன்னு மெஷின் சொல்லுது. மெஷினுக்கு உன் மேல என்ன கோபம்?" என்றார் அக்காவிடம்.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதையும் அவர் கவனித்துக்கொண்டிருந்தார்.

நான்காவதாகப் போனது ஒரு பெண் டாக்டரிடம். மூட்டு, தசை நோய்களுக்கான டாக்டர். அக்காவைப் பேசவிட்டுக் கடைசிவரை கேட்டார். கழுத்து, முதுகு, முழங்கால் என்று விரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். அந்த லேசான அழுத்தத்துக்கே அக்கா கண்ணில் தண்ணீர் வந்தது. பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "இதுக்கு ஃபைப்ரோமயால்ஜியான்னு பேரு" என்றார். "வலியைச் சொல்ற நரம்புகளோட சத்தம் கூடிப்போச்சு. பக்கத்து வீட்டுல மெதுவாப் பேசறது உங்களுக்கு ஒலிபெருக்கியில கேக்குற மாதிரி. எலும்பு உடையல, மூட்டு தேயல. அதனால ஸ்கேன்ல வராது. ஆனா வலி நிஜம்."

கூட வந்திருந்த அத்தான் நாற்காலி நுனிக்கு வந்தார். "அப்போ உடம்புல ஒண்ணுமில்ல. எல்லாம் மூளையிலதான். அப்படித்தானே டாக்டர்?"

"மூளையும் உடம்புதானே சார். அதை வீட்டுல கழட்டி வெச்சுட்டா வந்திருக்கீங்க?"

எனக்கு அந்த டாக்டர் காலில் விழலாம் போலிருந்தது. அத்தானோ தனக்கு வேண்டிய ஒரே ஒரு சொல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுக்கு வருவதற்குள் தன் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்: "மூளையிலதான் கோளாறுன்னு டாக்டரே ஒத்துக்கிட்டாங்க. வாயில நுழையாத ஒரு பேரும் வெச்சுட்டாங்க. இனி நம்ம காதுல பூ சுத்த வேண்டியதுதான் பாக்கி."

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை இன்னும் வசதியாகப் போயிற்று. அந்த மாத்திரையைக் குறைந்த அளவில் நரம்பு வலிக்குக் கொடுப்பார்கள், அதிக அளவில் மனச்சோர்வுக்குக் கொடுப்பார்கள் என்று டாக்டர் எங்களிடம் சொல்லித்தான் அனுப்பினார். அத்தான் பெட்டிக்குள் இருந்த துண்டுத் தாளை விரித்து, மனச்சோர்வு என்ற சொல்லின் கீழே கோடு போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார். பால் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்று.

அவர் அக்கா, அதாவது என் அக்காவின் நாத்தனார், நல்ல மனுஷி. நல்ல மனுஷிகள் செய்யும் கொடுமை தனி ரகம். வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மனசை லேசா வெச்சுக்கம்மா. நான்லாம் உன் வயசுல உக்கார நேரம் இல்லாம ஓடினேன், எனக்கு எங்க வலி வந்துச்சு?" என்பார். பிடித்த கை அக்காவுக்கு நெருப்பாக எரிந்துகொண்டிருக்கும். அதை உருவிக்கொண்டால் மரியாதை இல்லை என்று விட்டுவைத்திருப்பாள்.

பிறகு அத்தான் தன் தொழிலை வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

உப்பு ஜாடி திடீரென்று மேல் தட்டுக்குப் போனது. அக்கா கையைத் தூக்கி எடுக்கிறாளா என்று பார்க்க. அவள் நடந்துபோகும் வழியில் கரண்டி விழுந்து கிடந்தது. குனிகிறாளா என்று பார்க்க. அலுவலகத்திலிருந்து சொல்லாமல் சீக்கிரம் வந்து, சாவியைச் சத்தமில்லாமல் திருப்பி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குள் தானே திருடன் மாதிரி நுழைந்தார். ஒருநாள் அப்படி நுழைந்தபோது அக்கா வானொலிப் பாட்டுக்குக் கூடவே முணுமுணுத்துக்கொண்டு துணி மடித்தாளாம். அது ஒரு ஆதாரம். வலிக்கிறவள் பாடுவாளா?

ஒரு பகலில் நான் கல்லாவில் இருந்தேன். எதிர்ச்சாரியில் நின்ற வேனுக்குப் பின்னால் பழக்கமான ஒரு வழுக்கை தெரிந்தது. எங்கள் கேக் அறைக்குக் கண்ணாடிச் சுவர், தெருவிலிருந்தே பார்க்கலாம். அக்கா பூப் போடுவதை அவர் வேனுக்கு இடப்பக்கமிருந்து ஒருமுறை, வலப்பக்கமிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்தார். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு பெண்டாட்டியை ஒளிந்திருந்து பார்க்கிற ஆளை ரசிகன் என்று நினைக்கலாம். எனக்கு அப்படி நினைக்கத் தோன்றவில்லை. ஒரு டீயை வாங்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனேன்.

"குடிங்க அத்தான். ரொம்ப நேரமா நிக்கிறீங்க, கால் வலிக்கும்."

"இந்தப் பக்கம் ஒரு வேலை" என்றார்.

"தெரியுது. உங்க கால்வலியை நான் நம்புறேன். எனக்கு ஸ்கேன்லாம் வேண்டாம்."

டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். வெட்கப்பட்டார் என்று சொல்ல ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

இவற்றையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டிருப்பேன். தள்ள முடியாதது ஒன்று நடந்தது. ஒரு மதியம் பாத்திரம் கழுவும் இடத்தில் அக்கா என்னிடம் கேட்டாள்: "ஏண்டி, ஒருவேளை நான்தான் பாசாங்கு பண்றேனா?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை.

"நேத்து வீட்டுல யாரும் இல்ல. கதவைத் தாப்பாள் போட்டுட்டு வந்து உக்காந்தேன். இப்போ யாரும் பாக்கல, யாருக்கும் நீ நடிச்சுக் காட்ட வேண்டாம், எழுந்து நட பாக்கலாம்னு எனக்கு நானே சொன்னேன். எழுந்தேன். அப்பவும் வலிச்சுது. அப்புறம் தோணுது, என்னையே நான் ஏமாத்திக்கிறேனோன்னு. மறுபடி உக்காந்து மறுபடி எழுந்தேன்."

எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை. பூதக்கண்ணாடியின் பெரிய சாதனை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஊரில் உள்ளவர்களை வேவு பார்த்தவர், என் அக்காவை அவளுக்கு எதிராகவே வேவு பார்க்க வைத்துவிட்டார். வலி அவள் உடம்பில் இருந்ததா மனசில் இருந்ததா என்று பட்டிமன்றம் நடத்தியவர்களில் ஒருவருக்காவது, அந்த மனசை இப்படி நார்நாராகக் கிழித்தது யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

பேக்கரி முதலாளியிடம் நானே போய்ப் பேசினேன். அவர் காசு விஷயத்தில் கறார். வேறு எந்த விஷயத்திலும் அவருக்கு ஆர்வம் கிடையாது. "உடம்புல நோயா மனசுல நோயான்னு எனக்குத் தெரிய வேண்டாம். பூ ஒழுங்கா வருதா?" என்றார். வருகிறது என்றேன். உயரமான முக்காலி ஒன்றும், காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வருவதற்கு அனுமதியும் கொடுத்தார். மூன்று டாக்டர்களும் ஒரு புருஷனும் தராததை ஒரு கஞ்சன் தந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மண்டபம் ஒன்றில் கல்யாண வரவேற்பு. மூன்று அடுக்குக் கேக். மண்டபம் இரண்டாவது மாடியில். போய்ச் சேர்ந்தால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. தூக்குவதற்கு வர வேண்டிய ஆள் வரவில்லை. கிரீம் உருகத் தொடங்கியிருந்தது. பெரிய அடுக்கை வண்டி ஓட்டுபவர் தூக்கினார். சின்னதை நான் தூக்கினேன். நடு அடுக்கை அக்கா தூக்கினாள். வேண்டாம் என்று சொன்னேன். "என் பூ, நான் கொண்டு போறேன்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். மேலே போய் அடுக்கி முடித்ததும் கேக்கைப் பார்த்து ஒரு புன்னகை செய்தாள். நல்ல வேலை செய்தவர்களுக்கு வரும் புன்னகை.

அடுத்த நாலைந்து நாள் அவள் படுக்கையை விட்டு எழவில்லை. கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். தலைமுடியை வாரக் கையைத் தூக்க முடியாமல் நான் போய் வாரிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அத்தான் தன் அக்காவையும் அவர் கணவரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். என்னையும் இருக்கச் சொன்னார். ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து சோபாவில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்தாள். அத்தான் கைபேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்தார். திரையில் மண்டபத்தின் படிக்கட்டு வந்தது. அக்கா கேக் தட்டோடு ஏறி வருகிறாள். பின்னால் நான். அவள் மேலே வந்து கடந்து போகிறாள். கதவு வழியாக அவள் புன்னகைக்கிற முகம்.

"பாத்துக்கோங்க" என்றார் அத்தான். "உப்பு ஜாடி எடுக்க முடியாத கை. நான் ஒண்ணும் சொல்ல வரல. உள்ளதைக் காட்டுறேன்."

நாத்தனார் உச்சுக் கொட்டினார். "ஏம்மா, இவ்வளவு தெம்பு இருக்கறப்போ..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "தூக்கினேன். இல்லேன்னு சொல்லல. மறுநாள் இதோ இந்தப் பக்கத்து அறையிலதான் கிடந்தேன். அங்க ஏன் படம் எடுக்க வரல?"

"கிடக்கறதுன்னா யார் வேணாலும் கிடக்கலாம். வலியைப் படம் எடுக்க முடியுமா?"

"முடியாதுன்னு தெரியுதில்ல. அப்போ இத்தனை நாளா எதைப் பிடிக்கப் பின்னாலயே வந்தீங்க?"

அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் நாத்தனாரின் கணவர் செருமினார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் மூலையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பவர். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில் கேட்டார்: "மச்சான், இதை எடுக்கும்போது நீ எங்க நின்னே?"

"படிக்கட்டுக்கு மேல. தூணுக்குப் பக்கத்துல."

"கை காலியாத்தானே இருந்துச்சு?"

"போன் இருந்துச்சு."

"சரி" என்றார் அவர். "நான் ஏதோ, ஒரு கை கொடுத்திருக்கலாமேன்னு பாத்தேன்."

தாளை மறுபடி விரித்துக்கொண்டார். திரையில் படம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. அக்கா மறுபடி ஏறினாள். நான்தான் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தேன்.

விருந்தாளிகள் போனதும் அக்கா அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "இனிமே உங்ககிட்ட வலிக்குதுன்னு சொல்ல மாட்டேன். நீங்களும் கேக்க வேண்டாம்." அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார் அந்த மனிதர். படத்தைப் பார்த்த பிறகு வலியென்ற பேச்சே இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டாராம்.

சில மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளின் காலையில் அத்தான் குளியலறைத் தரையில் விழுந்து புரண்டார். இடுப்பிலிருந்து அடிவயிறுவரை பிடுங்குகிறது என்று கத்தினார். அவர் சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. அக்காதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவர் அழுத்திப் பிடித்த பிடியில் அவள் முழங்கை கன்றிப்போயிருந்தது. நானும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன். அங்கே இருந்த சின்ன வயது டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டு முதலில் வலிக்கு ஊசி போடச் சொன்னார். ஸ்கேன் எல்லாம் அப்புறம்தான்.

சிறுநீரகக் கல். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. தானாகவே வெளியே வந்துவிட்டது.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "பாத்தியா, அவர் முகத்தைப் பாத்தே நம்பிட்டாங்க." அவள் குரலில் பொறாமை இல்லை. அப்படியும் நடக்கும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது, அவ்வளவுதான்.

அத்தான் அந்தக் கல்லை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வரவேற்பறை அலமாரியில் வைத்தார். ஸ்கேன் படத்தை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் விரலால் காட்டுவார். "இதோ, வெள்ளையாத் தெரியுதே, இதுதான். இது வலி. சும்மா வாயால சொல்றதில்ல" என்பார். தபால் கொண்டுவந்தவர்கூடத் தப்பவில்லை. பிரசவித்த பெண்கள்கூடப் பிள்ளையை அப்படிக் காட்டிப் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. அக்கா ஒவ்வொரு விருந்தாளிக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். டீத் தட்டு பிடிக்கும்போது அவள் மணிக்கட்டு நடுங்கியதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் கேக் அறையில் கை கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "மாடியில இருக்கற அந்த அறை இன்னும் காலியாத்தான் இருக்கா?" பேக்கரிக்கு மேலே, முன்பு சாமான் போட்டிருந்த அறை.

"காலிதான். எதுக்கு?"

"நேத்து அவர் யாருக்கோ கல்லைக் காட்டிட்டு இருந்தார். எனக்கும் அப்படி ஒரு கல்லு இருந்திருந்தா நல்லா இருக்குமேன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். நோய் வேணும்னு ஆசைப்பட்டேன்டி. அப்படி ஆசை வந்த வீட்டுல இருக்கக் கூடாது."

அவள் இதைச் சொன்னபோது அழவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சுழல் தட்டுக்குப் போய்விட்டாள். முதலாளி வாடகையில் ஒரு பைசா குறைக்கவில்லை. அந்த வாரமே இரண்டு பெட்டித் துணியோடு வந்துவிட்டாள். வெளியூரில் படிக்கும் அவள் மகன் வந்து கட்டிலைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, "அம்மா, அப்பாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டான். "எதுவும் சொல்ல வேண்டாம். அவரே கண்டுபிடிப்பார், அதான் அவர் தொழில்" என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து வந்த ஒரே குத்தல் அதுதான். அதற்கும் பிறகு வருத்தப்பட்டாள்.

மாடிக்கு வந்ததும் வலி பறந்துவிட்டது என்று நான் எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். நாத்தனாருக்கும் வசதியாக இருக்கும். "பாத்தியா, வீட்டை விட்டுப் போனதும் சரியாயிட்டா. அப்போ மனசுதானே?" என்று அவர் கேட்கத் தயாராக இருந்தார். வலி போகவில்லை. தூக்கம் கொஞ்சம் தேறியது. டாக்டர் சொன்னபடி தினமும் கொஞ்சம் நடக்கிறாள். முதலில் தெருமுனைவரை, இப்போது பாலம்வரை. மாத்திரையைத் தொடர்கிறாள். நல்ல நாளில் நாலு கேக்குக்குப் பூப் போடுகிறாள். கெட்ட நாளில் முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஆர்டரைக் குறைத்துக்கொள்கிறார். யாராவது திட்டினால், பயமுறுத்தினால், அன்று வலி கூடுகிறது என்பதும் உண்மை. அதையே பிடித்துக்கொண்டு மனசுதான் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கால் ஒடிந்து கிடப்பவன் தலைமாட்டில் நின்று நாள் முழுக்கக் கரித்துக்கொட்டினால் அவனுக்கு மட்டும் வலி குறையுமா?

இப்போதும் பேக்கரிக்கு வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் சிலர் குரலைத் தாழ்த்தி, "உங்க அக்காவுக்கு அது உடம்புலயா, மனசுலயா?" என்கிறார்கள். அனுதாபத்தோடுதான் கேட்கிறார்கள். மனசில் என்று தெரிந்தால் அனுதாபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் அவர்கள் கண்ணில் தெரியும். "கேக் என்ன எடையில வேணும்?" என்று கேட்டுவிடுவேன்.

அத்தான் ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போகிறார். இப்போது வேனுக்குப் பின்னால் ஒளிவதில்லை. கல்லா முன்னால் நின்றபடி கேக் அறைக் கண்ணாடியைப் பார்ப்பார். போன வாரம் சில்லறையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"எப்படி இருக்கா?" என்றார்.

"உள்ளதான் இருக்கா. போய்க் கேளுங்க."

அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அக்கா முதுகு தெரிந்தது. முக்காலியில் உட்கார்ந்து கிரீம் பையின் குழல்முனையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தள்ளினால் திறக்கிற கதவு. பின்னால் வரிசையில் நின்றவர் இடித்ததும் ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். "வந்துட்டுப் போனாரா?"

"போயாச்சு."

வாசல் பக்கம் எட்டி வானத்தைப் பார்த்தாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. "குடை கொண்டுவந்தாரா?" என்று கேட்டாள்.

"நான் பாக்கல" என்றேன்.

நிஜமாகவே பார்க்கவில்லை. அவர் நனைந்தாரா என்று யோசிக்கிற பொறுமை என் அக்காவுக்கு இன்னும் இருக்கிறது. எனக்கு இல்லை.